பதினைந்து வயது லேப்டாப்பை மறுபடி இணையத்தோடு பேச வைத்த பதிவு

அத்தையின் லேப்டாப் 2010-இல் வாங்கியது. இன்டெல் கோர் 2 டுவோ டி6600 செயலி, 3 ஜிபி டிடிஆர்2 ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், 32-பிட் விண்டோஸ் 7. சில வருடங்கள் அலமாரியில் சும்மா கிடந்தது. வேகம் கூடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அதை வெளியே எடுத்து ஃபேக்டரி ரீஸ்டோர் செய்துவிட்டார். டி டிரைவில் இருந்த கோப்புகள் பிழைத்தன. மற்றதெல்லாம் வாங்கிய நாளின் நிலைக்குப் போய்விட்டது. சர்வீஸ் பேக் 1 (பல திருத்தங்களை ஒன்றாகக் கட்டித் தந்த பெரிய அப்டேட்) கூட இல்லாத விண்டோஸ் 7, அதில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8.

"எதைத் திறந்தாலும் பாதுகாப்பு இல்லைன்னு சொல்லுதுப்பா. அப்டேட் போட்டா ஓடிக்கிட்டே இருந்து நின்னுடுது. தூக்கிப் போட்டுடலாமா?" என்றார்.

திரையில் ஒரு கீறல் இல்லை. விசைப்பலகை இப்போது வரும் லேப்டாப்புகளில் இருப்பதைவிட நன்றாக இருந்தது. அத்தைக்குத் தேவையானவையும் பெரிதல்ல: மின்னஞ்சல், செய்தி, கொஞ்சம் வீடியோ, பழைய புகைப்படங்களை ஏற்ற ஒரு ஸ்கேனர், சிடியில் வந்த ஒரு அகராதி, பத்துப் பதினைந்து வருடங்களாகத் தட்டச்சு செய்து வைத்திருக்கும் கட்டுரைகள். "இரண்டு வாரம் கொடுங்கள் அத்தை" என்று வாங்கி வந்தேன். என்னென்ன செய்தேன், எங்கே தடுக்கி விழுந்தேன் என்பதை எழுதி வைக்கிறேன். இதே போன்ற ஒரு கணினி உங்கள் வீட்டிலும் இருக்கலாம்.

கடிகாரம்

முதலில் பார்க்க வேண்டியது கடிகாரத்தை. நான் அதைப் பார்க்காமல் ஒரு மணி நேரம் பிரவுசரோடு மல்லாடினேன். பிறகுதான் திரையின் வலது மூலையில் 2009 ஜனவரி 1 என்று இருப்பது கண்ணில் பட்டது.

இணையதளங்கள் ஒவ்வொன்றிடமும் ஒரு சான்றிதழ் உண்டு. அது எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்பது அதற்குள்ளேயே எழுதியிருக்கும். கணினி 2009-இல் இருப்பதாக நினைத்துக்கொண்டால், இன்று வழங்கப்பட்ட எல்லாச் சான்றிதழும் அதன் கண்ணுக்கு இன்னும் பிறக்காதவை. எனவே எல்லாத் தளத்தையும் சந்தேகிக்கிறது. தேதியைத் திருத்தினேன். அணைத்து, மின்கம்பியைக் கழற்றி, மறுபடி போட்டதும் 2009-க்கே திரும்பிவிட்டது.

அடிப்பலகையைக் கழற்றினேன். மதர்போர்டில் சிஆர்2032 பொத்தான் பேட்டரி இருந்தது. 3 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் மல்டிமீட்டர் 1.9 காட்டியது. இந்த மாடலில் பேட்டரி நேரடியாகச் சொருகும் வகை. பல லேப்டாப்புகளில் இரண்டு சின்ன ஒயர்களும் ஒரு கனெக்டரும் சேர்த்து ஒட்டி வரும், வாங்கும் முன் கழற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள். புதிய பேட்டரி போட்டதும் கடிகாரம் சரியான தேதியிலேயே நிலைத்தது. இந்தப் பேட்டரி செத்தால் தேதி மட்டும் போவதில்லை, பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே கணினியைத் துவக்கும் மதர்போர்டு நிரலில், நாம் மாற்றி வைத்த அமைப்புகளும் போய்விடும். இது பின்னால் முக்கியமாகப் போகிறது.

தேதி சரியான பிறகு சில பக்கங்கள் திறந்தன. பெரும்பாலானவை திறக்கவில்லை. அங்கேதான் இந்த வேலையின் உண்மையான சிக்கல் புரிந்தது. லேப்டாப் மெதுவாக இருந்தது, ஆனால் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். இன்றைய சர்வர்கள் பேசும் மொழி அதற்குத் தெரியாமல் போனதுதான் அதைப் பயனற்றதாக்கியிருந்தது. பிரவுசரும் சர்வரும் பாதுகாப்பாகப் பேசிக்கொள்ளும் அந்த மொழியின் பெயர் டிஎல்எஸ். விண்டோஸ் 7-ல் அதன் 1.2 பதிப்பு இருக்கிறது, ஆனால் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8-ல் அது அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். இன்று பெரும்பாலான தளங்கள் அதற்குக் கீழே உள்ள எதையும் ஏற்பதில்லை. இன்டர்நெட் ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய் டிஎல்எஸ் 1.2-ஐ டிக் செய்தேன். இன்னும் சில தளங்கள் கதவைத் திறந்தன, ஆனால் உள்ளே பக்கம் கலைந்து கிடந்தது. சரி, இது ஒரு டிக்கோடு முடியும் வேலை இல்லை.

ஹார்ட் டிஸ்க்

அப்டேட் எதையும் தொடுவதற்கு முன் டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்ப்பது என் வழக்கம். பென்டிரைவிலிருந்து லினக்ஸை (விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம்) ஏற்றி, டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரங்களை எடுத்தேன். 5-ஆம் எண், அதாவது மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட செக்டார்கள் (டிஸ்க்கின் சிறு சேமிப்புத் துண்டுகள்), பூஜ்யம். 197-ஆம் எண், படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டார்கள், 16. எட்டோ பதினாறோ பெரிய எண் இல்லை என்று தோன்றும். ஆனால் ஒரு பெரிய அப்டேட் டிஸ்க் முழுக்கப் படித்து எழுதும்போது அந்தச் செக்டார்களில் ஒன்று குறுக்கே வந்தால் வேலை பாதியில் தொங்கிவிடும். "ஓடிக்கிட்டே இருந்து நின்னுடுது" என்று அத்தை சொன்னதில் இதற்கும் பங்கு இருந்திருக்கலாம்.

முழு டிஸ்க்கையும் டிடிரெஸ்கியூ கொண்டு ஒரு வெளி டிஸ்க்குக்குப் படியெடுத்தேன். சாதாரண காப்பி செய்தால் படிக்க முடியாத இடத்தில் நின்றுவிடும். டிடிரெஸ்கியூ அதைத் தாண்டிப் போய் நல்ல பகுதியை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குத் திரும்பி வந்து முயற்சி செய்யும். ஒரு இரவு ஓடியது. காலையில் பார்த்தபோது 4 செக்டார் தவிர எல்லாம் வந்திருந்தது. அந்த நான்கும் ரீஸ்டோர் பகுதிக்குள் இருந்ததால் கோப்பு எதற்கும் சேதமில்லை. அத்தையின் கட்டுரை ஃபோல்டரைத் தனியாக இன்னொரு பென்டிரைவிலும் போட்டு வைத்தேன். ஒரே ஒரு படி இருப்பது படி எடுக்காததற்குச் சமம் என்பது என் கருத்து.

பழைய டிஸ்க்குக்கு ஓய்வு கொடுத்து 240 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) ஒன்றைப் போட்டேன். இந்த மதர்போர்டில் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா வழி நொடிக்கு 3 ஜிகாபிட் வகை, எனவே எஸ்எஸ்டியின் முழு வேகம் கிடைக்காது. அது ஒரு பொருட்டே இல்லை. பழைய கணினியில் எஸ்எஸ்டி தரும் பெரிய லாபம் சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடி எடுக்கும் நேரத்தில்தான் இருக்கிறது.

சி டிரைவை 60 ஜிபியாகச் சுருக்கி எஸ்எஸ்டிக்கு மாற்றினேன். துவங்கவில்லை. விண்டோஸ் 7-இன் பூட் விவரத்தில் டிஸ்க்கின் அடையாள எண் பதிந்திருக்கும், புதிய டிஸ்க்கில் அது வேறு. ரிப்பேர் டிஸ்க் போட்டு ஸ்டார்ட்அப் ரிப்பேர் ஓட்டியதும் அது தானாகத் திருத்திக்கொண்டது. அதன் பிறகு நானே ஒரு தவறு செய்தேன். பயாஸில் சாட்டா அமைப்பு ஐடிஇ என்ற பழைய முறையில் இருந்தது, எஸ்எஸ்டிக்கு ஏஹெச்சிஐ என்ற புதிய முறை நல்லதென்று மாற்றினேன். உடனே நீலத்திரை, எண் 7பி. விண்டோஸ் ஐடிஇ நிலையில் நிறுவப்பட்டதால் ஏஹெச்சிஐ டிரைவர் துவக்கத்தில் ஏறாது. பயாஸை மறுபடி ஐடிஇக்குக் கொண்டுவந்து, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் எம்எஸ்ஏஹெச்சிஐ என்ற சேவையின் ஸ்டார்ட் மதிப்பை 3-லிருந்து 0 ஆக்கி, அப்புறம் பயாஸை மாற்றினால் சுகமாகத் துவங்கும். பொத்தான் பேட்டரியைப் பற்றி முன்பே சொன்னதற்குக் காரணம் இதுதான். பேட்டரி செத்து பயாஸ் தன் இயல்பு நிலைக்குத் திரும்பினால் இந்த அமைப்பும் மாறும். நேற்று வரை ஓடிய விண்டோஸ் இன்று நீலத்திரை காட்டினால், பலர் விண்டோஸ் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

ரேமையும் 4 ஜிபி ஆக்கினேன். 32-பிட் விண்டோஸுக்கு அதில் 3 ஜிபி அளவே பயன்படும். மிச்சம் லினக்ஸுக்கு ஆகும் என்று அப்போதே மனதில் இருந்தது.

அப்டேட்களின் வரிசை

இதுதான் என்னை அதிகம் சோதித்தது. விண்டோஸ் அப்டேட்டை நேராகத் தட்டினால் 80072ஈஎஃப்ஈ என்ற பிழை. பிறந்த நாள் நிலையில் இருக்கும் விண்டோஸ் 7-இன் அப்டேட் நிரலோடு சர்வர்கள் இப்போது பேசுவதில்லை. எனவே கோப்புகளை வேறு கணினியில் இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவர வேண்டும். மைக்ரோசாஃப்டின் அப்டேட் கேட்டலாக் தளத்தில் அப்டேட்டின் கேபி எண்ணைப் போட்டுத் தேடினால் கிடைக்கும். 32-பிட்டா 64-பிட்டா என்று பார்த்து இறக்குங்கள்.

நான் அவசரப்பட்டு, இருப்பதில் புதியதை முதலில் போட்டேன். பழையதெல்லாம் அதற்குள் இருக்குமே என்று எண்ணினேன். இந்தப் புதுப்பிப்பு உங்கள் கணினிக்குப் பொருந்தாது என்று வந்தது. சர்வீஸ் பேக் 1 இல்லாமல் எதுவும் நடக்காது. அதைப் போட்டேன், ஏறத்தாழ ஐம்பது நிமிடம். மறுபடி புதியதைப் போட்டேன். இந்த முறை 80092004. இந்த எண்ணைப் பார்த்தால் கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்துத் திரும்பத் திரும்ப இறக்கத் தோன்றும். நானும் இரண்டு முறை இறக்கினேன். கோப்பில் குறை இல்லை. அதில் இருக்கும் கையொப்பத்தை இந்தக் கணினிக்கு வாசிக்கத் தெரியவில்லை.

ஒவ்வொரு அப்டேட்டோடும் ஒரு மின்னணுக் கையொப்பம் வரும். கோப்பை யாரும் நடுவில் மாற்றவில்லை என்று கணினி அதை வைத்துத்தான் உறுதி செய்கிறது. பல வருடங்கள் இதற்கு ஷா-1 என்ற முறையைப் பயன்படுத்தினார்கள். 2017 பிப்ரவரியில் கூகுளும் ஆம்ஸ்டர்டாமில் உள்ள சிடபிள்யூஐ ஆய்வு மையமும் சேர்ந்து, உள்ளடக்கம் வேறாக இருந்தும் ஒரே ஷா-1 மதிப்பு தரும் இரண்டு பிடிஎஃப் கோப்புகளை உருவாக்கிக் காட்டினார்கள். அதாவது போலியை அசல் என்று நம்ப வைக்க முடியும் என்பது நிரூபணமானது. 2019-இல் விண்டோஸ் 7-க்கான அப்டேட்கள் ஷா-2 கையொப்பத்துக்கு மட்டுமாக மாறின. 2009-இல் வெளிவந்த விண்டோஸ் 7-க்கு அந்தக் கையொப்பத்தை முழுதாகச் சரிபார்க்கத் தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

கடைசியில் எனக்குப் பலித்த வரிசை இது. முதலில் சர்வீஸ் பேக் 1. பிறகு கேபி4490628, அது அப்டேட்டை நிறுவும் அடித்தளத்தையே புதுப்பிக்கிறது. அடுத்து கேபி4474419, ஷா-2-ஐக் கற்றுத்தருவது இதுதான். பிறகு கேபி3020369, அதன்மேல் கேபி3125574. இந்தக் கடைசி எண்ணை மறக்காதீர்கள். சர்வீஸ் பேக் 1-க்குப் பிறகு 2016 ஏப்ரல் வரை வந்தவற்றில் பெரும்பகுதியை ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுத்தது அது. நூற்றுக்கும் மேற்பட்டவற்றை ஒவ்வொன்றாகப் போடும் வேலையை மிச்சப்படுத்திவிடும். கடைசியாக கேபி3172605. புதிதாக நிறுவிய விண்டோஸ் 7-ல் அப்டேட் தேடல் மணிக்கணக்காக ஓடி ஒரு செயலிக் கருவை முழுதாகத் தின்னும் நோய் உண்டு, அதற்கு மருந்து இதில் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் நடுவே, கணினி கேட்டாலும் கேட்காவிட்டாலும், ஒரு முறை மறுதுவக்கம் செய்தேன். இதெல்லாம் முடிந்து அப்டேட் தேடலைத் தட்டியபோது எட்டு நிமிடத்தில் பட்டியல் வந்தது. நான் எழுந்து நின்றே பார்த்தேன்.

இவ்வளவும் செய்தது அந்த விண்டோஸில் இணையம் பார்ப்பதற்காக இல்லை. விண்டோஸ் 7-க்கான பொது ஆதரவு 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. குரோம் 109-ஆம் பதிப்போடு அதை விட்டுவிட்டது. பயர்பாக்ஸில் 115 இஎஸ்ஆர் (நீண்டகால ஆதரவு) கிளைதான் கடைசி. வங்கிக் கணக்கும் மின்னஞ்சலும் திறக்கும் இடமாக அதை வைத்திருப்பது தவறு என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஸ்கேனருக்கும் அகராதிக்கும் அது தேவைப்படலாம் என்பதால், இருக்கும் வரை ஒழுங்காக இருக்கட்டும் என்று சீர் செய்தேன். முடிந்ததும் அதில் வைஃபையையும் கம்பி இணைப்பையும் டிவைஸ் மேனேஜரில் முடக்கினேன்.

அடுத்த விண்டோஸ் ஏன் இல்லை

விண்டோஸ் 10-க்கு நகர்த்தலாமே என்று கேட்கலாம். அதன் ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்), செக்யூர் பூட் (துவக்கத்தைச் சரிபார்க்கும் வசதி), இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் செயலி என்று கேட்கிறது. அந்தச் சோதனைகளைத் தாண்ட வழிகள் சொல்கிறார்கள். ஆனால் 24எச்2 பதிப்பிலிருந்து எஸ்எஸ்இ 4.2, பாப்கவுண்ட் ஆகிய கட்டளைகள் செயலியிலேயே இருக்க வேண்டும். லினக்ஸில் செயலி விவரத்தைத் திறந்து பார்த்தேன். டி6600-ல் எஸ்எஸ்இ 4.1 வரை இருக்கிறது, அந்த இரண்டும் இல்லை. சிலிக்கானில் இல்லாததை எந்த ரெஜிஸ்ட்ரி வித்தையாலும் கொண்டுவர முடியாது.

இதே இரண்டு கட்டளைகள் லினக்ஸ் பக்கமும் வாயிலில் நிற்கின்றன. எக்ஸ்86-64-வி2 என்றொரு தர வரையறை உண்டு, அதற்கு இவை கட்டாயம். ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9-லிருந்து அந்தத் தரத்தைக் கேட்கிறது. லினக்ஸ் என்றால் எந்தப் பழைய கணினியிலும் ஓடும் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். பெயரைப் பார்த்துத் தேர்வு செய்யாமல் செயலி விவரத்தைப் பார்த்துத் தேர்வு செய்ய வேண்டும். டெபியன் என்ற லினக்ஸ் வகை இன்னும் பழைய அடிப்படைத் தரத்திலேயே கட்டப்படுகிறது.

இன்னொன்று. விண்டோஸ் 32-பிட் என்பதால் கணினியே 32-பிட் என்று நினைத்துவிட வேண்டாம். அந்தக் காலத்தில் 64-பிட் செயலியில் 32-பிட் விண்டோஸை ஏற்றி விற்பது சகஜம். செயலி விவரத்தில் ஃப்ளாக்ஸ் என்ற வரிசையில் எல்எம் என்ற இரண்டு எழுத்து இருந்தால் அது 64-பிட். இந்த லேப்டாப்பில் இருந்தது. இது இப்போது பெரிய விஷயம். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ல் 32-பிட் பிசிக்கான நிறுவியே இல்லை. உண்மையிலேயே 32-பிட் செயலி என்றால் டெபியன் 12-ஓடு நிற்க வேண்டும்.

டெபியன் 13

விண்டோஸ் 7-க்குப் பக்கத்திலேயே டெபியனை எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான மேசைச்சூழலோடு நிறுவினேன். நிறுவல் இருபத்தைந்து நிமிடம். திரை, ஒலி, டச்பேட், வெளிச்சப் பொத்தான் எல்லாம் முதல் துவக்கத்திலேயே வேலை செய்தன. வைஃபை மட்டும் இல்லை. டெபியன் 12-லிருந்து நிறுவியிலேயே பல ஃபர்ம்வேர்கள் (சிப்களுக்குள் ஓடும் நிரல்கள்) சேர்ந்து வருகின்றன. ஆனால் சில பழைய வைஃபை சிப்களின் ஃபர்ம்வேரை மற்றவர்கள் பகிர உரிமை தரப்படவில்லை, எனவே அவை அதில் இருக்காது. நிறுவும் பொதி இணையத்துக்குப் போய் அதை நேரடியாக இறக்கிக்கொள்ளும். வைஃபைக்கு இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும். கைப்பேசியை யுஎஸ்பி கம்பியில் இணைத்து டெதரிங் போட்டேன். லினக்ஸ் அதைக் கம்பி இணைப்பாகவே எடுத்துக்கொண்டது. ஐந்து நிமிடத்தில் வைஃபை வந்துவிட்டது. கைப்பேசி டெதரிங் இருக்கும்போது வேறு எந்தச் சுற்று வழியும் தேவையில்லை.

அடுத்த நாள் விண்டோஸுக்குப் போய்த் திரும்பினால் கடிகாரம் பல மணி நேரம் தள்ளி நின்றது. மறுபடி பேட்டரியோ என்று ஒரு கணம் வயிறு கலங்கியது. இல்லை. விண்டோஸ் மதர்போர்டு கடிகாரத்தை உள்ளூர் நேரம் என்று வாசிக்கும். லினக்ஸ் அதை உலகப் பொது நேரம் என்று வாசிக்கும். ஒன்று எழுதியதை மற்றது தப்பாகப் புரிந்துகொள்ளும். டெபியனிடம் உள்ளூர் நேரமாகவே வைத்துக்கொள் என்று ஒரு கட்டளை கொடுத்ததும் சரியானது.

ஸீராம் போட்டேன். ரேமின் ஒரு பகுதியைச் சுருக்கி ஸ்வாப்பாக, அதாவது ரேம் நிரம்பும்போது கைகொடுக்கும் இடமாக, வைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. 4 ஜிபியில் பிரவுசரில் ஏழெட்டு டேப் திறந்தாலும் தாங்குகிறது. வீடியோ 720பி-யில் திணறியது. தளங்கள் இப்போது அனுப்பும் விபி9, ஏவி1 வடிவங்கள் இந்தச் செயலிக்குப் பெரும் சுமை. எச்.264 வடிவத்தையே கேட்க வைக்கும் ஒரு நீட்சியைப் பிரவுசரில் சேர்த்ததும் 720பி நிற்காமல் ஓடியது. 1080பி ஓடவில்லை. அந்தத் திரைக்கு அது தேவையும் இல்லை.

ஸ்கேனரும் அகராதியும்

ஸ்கேனர் லேப்டாப்பைவிடப் பழையது. அதற்கு வந்த டிரைவர் 32-பிட் மட்டும். 64-பிட் விண்டோஸில் 32-பிட் டிரைவரை ஏற்றவே முடியாது, அதனால்தான் விண்டோஸ் 7-ஐ விட மனமில்லாமல் வைத்திருந்தேன். டெபியனில் சும்மா சொருகிப் பார்த்தேன். சேன் என்ற ஸ்கேனர் அமைப்பு அதை அடையாளம் கண்டுகொண்டது, ஆனால் விளக்கு எரியவில்லை. அதன் பிழைப் பதிவைப் பார்த்தால் ஃபர்ம்வேர் கோப்பு இல்லை என்றிருந்தது. இந்த வகை ஸ்கேனர்கள் தம் நிரலைத் தமக்குள் வைத்திருப்பதில்லை. மின்சாரம் வந்ததும் கணினிதான் ஒவ்வொரு முறையும் ஊட்ட வேண்டும். ஜிடி68எக்ஸ்எக்ஸ் என்ற சேன் பின்நிரலின் விளக்கத்தில், அந்தக் கோப்பை விண்டோஸ் டிரைவர் சிடியிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறது.

சிடி காணாமல் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. ஆனால் இரவு முழுக்க எடுத்த அந்தப் படி இருந்ததே! டி டிரைவில் "டிரைவர்கள்" என்று அத்தை ஒரு ஃபோல்டர் போட்டு, சிடியில் இருந்ததையெல்லாம் அதில் கொட்டி வைத்திருந்தார். வேண்டிய கோப்பு அங்கே இருந்தது. சேன் தேடும் இடத்தில் அதை வைத்து ஸ்கேனரைக் கழற்றி மாட்டினேன். விளக்கு எரிந்து தண்டு நகர்ந்தது. இந்த முழு வேலையிலும் எனக்கு மிகவும் பிடித்த நிமிடம் அதுதான்.

அகராதி 32-பிட் நிரல்தான், ஆனால் அதை நிறுவும் நிரல் 16-பிட். 64-பிட் விண்டோஸில் 16-பிட் நிரலை ஓட்டும் பகுதியே கிடையாது, எனவே அங்கே இதை நிறுவ முடியாது. டெபியனில், விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் வைனின் 32-பிட் பகுதியைச் சேர்த்து நிறுவியை ஓட்டினேன், ஒரு முறுமுறுப்பும் இல்லாமல் நிறுவிவிட்டது. தேடல் பெட்டியில் எழுத்து சற்று மேலே ஏறித் தெரிகிறது, பொருள் சரியாக வருகிறது.

கட்டுரைகள்

அத்தையின் பழைய கட்டுரைகள் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். கோப்புக்குள் உண்மையில் சேமிக்கப்பட்டிருப்பதும் அவைதான். எழுத்துருதான் அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. எழுத்துருவை நிறுவினால் படிக்கலாம். தேட முடியாது, மின்னஞ்சலில் ஒட்ட முடியாது. எனவே எல்லாக் கணினிக்கும் பொதுவான ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றுவது என்று இறங்கினேன்.

எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதும் என்று நினைப்பவர்களை ஒற்றைக்கொம்பு தடுத்து நிறுத்தும். பாமினியில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் தட்டச்சு செய்வோம்: முதலில் கொம்பு, பிறகு மெய். ஒருங்குறியில் மெய் முதலில், கொம்பு பிறகு. "கொ" என்றால் பாமினியில் கொம்பு, க, கால் என்று மூன்று துண்டு. "கெ" முதலில் மாற்றப்பட்டுவிட்டால் கால் தனியாக அநாதையாக நிற்கும். எனவே நீளமான சேர்க்கைகளை முதலில் மாற்றி, குட்டையானவற்றைக் கடைசியில் மாற்ற வேண்டும். ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகத்தில் இந்த மாற்றிகள் இருக்கின்றன, அதையே பயன்படுத்தினேன்.

பெரிய தொல்லை வேறு. அத்தை நடுநடுவே ஆங்கிலச் சொற்களையும் எழுதியிருந்தார். கோப்பின் உள்ளே பாமினித் தமிழும் உண்மையான ஆங்கிலமும் ஒரே எழுத்துகள். கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் ஆங்கிலச் சொல்லெல்லாம் பொருளற்ற தமிழாகிவிடும். வேறுபடுத்த ஒரே தடயம் எழுத்துருவின் பெயர். வெறும் உரையாக எடுத்துவிட்டால் அந்தத் தடயமும் போய்விடும். லிப்ரே ஆபிஸில் கோப்பைத் திறந்து ஓடிடி என்ற அதன் சொந்த ஆவண வடிவில் சேமித்து, அதற்குள் பாமினி என்று குறிக்கப்பட்ட துண்டுகளை மட்டும் மாற்றும்படி ஒரு சின்ன நிரல் எழுதினேன். 214 கோப்புகள். முதல் ஓட்டத்தில் 31 கோப்புகளில் பிழை. சில இடங்களில் எழுத்துருப் பெயர் நேரடியாக இல்லாமல் பத்தியின் பாணியிலிருந்து வந்திருந்தது. அதையும் பார்க்கச் செய்த பிறகு மிச்சம் 5 நின்றன. அவற்றைக் கையால் திருத்தினேன். மூலக் கோப்புகளை அழிக்கவில்லை.

திருப்பிக் கொடுத்த நாள்

துவக்கம் முன்பு இரண்டு நிமிடத்துக்கு மேல், இப்போது 34 நொடி. தூங்க வைத்து எழுப்பினால் சில சமயம் திரை கருப்பாகவே நிற்கிறது. மூன்று இரவு முயன்றும் அது பிடிபடவில்லை. தூக்க நிலையை முடக்கிவிட்டு, மூடியை மூடினால் திரை மட்டும் அணையும்படி வைத்தேன். வேலை முடிந்ததும் முழுதாக அணைத்துவிடுங்கள் என்று அத்தையிடம் சொன்னேன்.

ஒரு தாளில் நான்கு வரி எழுதி அடிப்பலகையில் ஒட்டியிருக்கிறேன். பொத்தான் பேட்டரி மாற்றிய தேதி. பயாஸில் சாட்டா ஏஹெச்சிஐ ஆக இருக்க வேண்டும். விண்டோஸ் 7-ல் இணையம் கூடாது. டெபியன் 13-க்கு நீண்டகால ஆதரவு 2030 ஜூன் வரை.

அத்தை முதலில் திறந்தது கட்டுரை ஃபோல்டரை. தேடல் பெட்டியில் தன் அம்மாவின் பெயரைத் தட்டினார். பதினெட்டுக் கோப்புகள் வந்தன. "இத்தனை இடத்துலயா எழுதியிருக்கேன்?" என்று கேட்டுவிட்டு, முதல் கோப்பைத் திறந்து படிக்கத் தொடங்கினார்.